நுவரெலியாவின் பண்ணையும் பியர் ஆலையும்

உழவுத் தொழில் ஒன்றையே நம்பி வாழும் குடும்பம் பருவம் பொய்த்த ஆண்டிலே கலங்கி நிற்பது எந்நாட்டிலும் காணப்படுவதாகும். ஆதலால், முதன்மைப் பயிரின் பக்கத்திலே துணைத்தொழில் ஒன்றை வைத்துக்கொள்ளுதல் உழவரிடையே பழங்காலந்தொட்டு வந்த முறை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் புகையிலையோடு பனையையும் பசுவையும் பேணினான். மட்டக்களப்பு உழவன் நெல்லோடு எருமைப் பட்டியையும் தயிரையும் நம்பினான். இங்கிலாந்தின் உழவனோ, தான் விளைத்த வாற்கோதுமையில் ஒரு பகுதியை விற்று, எஞ்சிய பகுதியை வீட்டின் பின்புறத்திலே பியராகக் காய்ச்சினான்.

இம்மூன்றனுள் இறுதியாகச் சொல்லப்பட்ட வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நுவரெலியாவிலே ஒரு பண்ணையைச் சார்ந்து எழுந்த சிறிய பியர் ஆலை ஒன்றின் தொடக்கம் 1849ஆம் ஆண்டெனக் கணக்கிடப்படுகின்றது. மது அருந்துதல் நன்றோ தீதோ என்பது வேறு ஆராய்ச்சி. கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைக் கற்ற நேயர்களுக்கு அதுபற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு பண்ணை தன் நிலத்தை நம்பி நிற்கமுடியாதபோது அதன் துணைத்தொழில் எவ்வாறு எழுந்தது, எதனால் நிலைத்தது, இறுதியில் யாருக்குப் பயன்பட்டது என்பனவே இங்கு ஆராய்வதற்குரியன.

முதலில் ஆங்கில நாட்டுப்புற வழக்கத்தைச் சிறிது அறிதல் வேண்டும். அந்நாட்டிலே பியர் காய்ச்சுதல் நெடுங்காலம் ரொட்டி சுடுதல், வெண்ணெய் கடைதல் ஆகியவற்றோடு ஒத்த வீட்டுத் தொழிலாயிருந்தது. அதைச் செய்தவர் பெரும்பாலும் பெண்களே. அறுவடைக் காலத்தில் வயலில் உழைத்தவர்க்குக் கூலியின் ஒரு பகுதி பியராகவே அளக்கப்பட்டது. அவ்வழக்கம் ஏழைத் தொழிலாளரின் கையில் காசு சேராமல் தடுத்தது என்பதை உணர்ந்த பாராளுமன்றம் அதனைச் சட்டத்தால் விலக்கியது 1887ஆம் ஆண்டிலேதான். முளைத்த வாற்கோதுமைமீது 1697ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட வரி 1880ஆம் ஆண்டுவரை நீடித்தது. வரியும் நகரத்துப் பெரிய ஆலைகளின் போட்டியும் வீட்டுத் தொழிலை நலியச் செய்தன. வீட்டுக்கு வீடு பியர் காய்ச்சிய வழக்கம் அருகிவருவதைக் கண்டு வருந்திய வில்லியம் கொபெற் என்பார், அதனை மீண்டும் கைக்கொள்ளுமாறு ஏழைக் குடும்பங்களைத் தூண்டி 1820களின் தொடக்கத்தில் நூலொன்று எழுதினார். 1830ஆம் ஆண்டின் பியர்ச் சட்டமோ, வரி செலுத்தும் எந்தக் குடியானவனும் 2 கினி கட்டணம் செலுத்தித் தன் வீட்டிலே பியர் விற்கலாம் என்று வழிதிறந்துவிட்டது. இச்சூழ்நிலையிலே வளர்ந்த ஓர் ஆங்கிலேயன் புதிய நாட்டில் பண்ணை அமைக்கப் புகுந்தால், பசுத்தொழுவத்தையும் கொல்லன் பட்டறையையும் போலப் பியர்க் கொட்டகையையும் அதன் ஓர் உறுப்பாகக் கருதுவது இயல்பே.

பண்ணைக்கும் பியருக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. வாற்கோதுமையை இரண்டு மூன்று நாட்கள் நீரில் ஊறவைத்து, ஏறத்தாழ ஒரு கிழமை முளைவிடச் செய்து, பின்னர் சூட்டிலே உலர்த்துவர். இதுவே மோல்ற் எனப்படும். அதனைக் குறுணியாக உடைத்து, 65 பாகை சென்ரிகிரேட் அளவான வெந்நீரிலே கரைத்து வைத்தால், தானியத்தின் மாப்பொருள் வெல்லமாக மாறும். அந்தச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹொப் என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்த்துப் புளிக்கவிடுவர். வடித்த பின் எஞ்சும் சக்கை கால்நடைக்கு நல்ல தீவனம். 100 கிலோகிராம் மோல்ற்றிலிருந்து ஏறத்தாழ அதே நிறையுள்ள ஈரச் சக்கை கிடைக்கும். அச்சக்கையை மாடு தின்னும். மாட்டின் எரு வயலுக்குப் போகும். அவ்வயலிலே மறுபடியும் வாற்கோதுமை விளையும். இவ்வாறு நிலம், தானியம், மாடு, எரு ஆகிய நான்கும் ஒரு வட்டமாகச் சுழன்றமையாலேயே பண்ணைப் பியர் ஐரோப்பாவிலே பல நூற்றாண்டு நிலைத்தது. இந்த வட்டத்தை மனத்தில் கொண்டே நுவரெலியாவின் கதையைக் கேட்டல் வேண்டும்.

கடல்மட்டத்துக்கு 6,100 அடிக்கு மேலே, பீதுருதாலகாலை மலையின் அடியிலே கிடக்கும் நுவரெலியாச் சமவெளியின் சிறப்பை ஆங்கில அதிகாரிகள் 1819ஆம் ஆண்டளவில் அறிந்தனர். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அவ்விடத்தை நோயுற்ற படைவீரர் உடல்தேறும் நிலையமாக ஆக்கினார். தமக்கும் அங்கே ஒரு மாளிகை எழுப்பினார். கண்டியிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாகச் சாலையும் அமைந்தது. ஆயினும், 1840களில் அது சில வீடுகளைக் கொண்ட ஒதுங்கிய மலைவாசமாகவே இருந்தது.

அவ்விடத்துக்கு 1840களின் நடுப்பகுதியில் வேட்டைப் பிரியராக வந்தவர் சாமுவேல் வைற் பேக்கர். இவர் 1821ஆம் ஆண்டில் இலண்டனிலே செல்வ வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று 1864ஆம் ஆண்டில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் எய்தியவரும் இவரே. ஆனால் ‘சேர்’ பட்டமும் புகழும் பின்னாளில் வந்தவை. இலங்கைக்கு வந்தபோது அவர் யானை வேட்டையில் மோகம்கொண்ட ஓர் இளைஞர். தாழ்நிலக் காட்டிலே காய்ச்சல் பிடித்து நலிந்த அவர், உடல்தேறும்பொருட்டு நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். சில நாட்களிலே நலம் பெற்றார். இத்துணைக் குளிர்ந்த நல்ல நிலம் வீணே கிடப்பது ஏன் என்ற எண்ணம் அங்கே அவருக்கு எழுந்ததாக அவரே 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கூறுகின்றார். ஆங்கில நாட்டுக் கிராமம் ஒன்றை அப்படியே அம்மலைமீது நாட்டிவிட வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு.

அவருக்கு வீணாகத் தோன்றிய நிலம் உண்மையில் யாருடையது என்ற வினாவும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொண்டது. அதன் பயனாக அரசாங்கம் மலைநாட்டு நிலங்களைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. பேக்கரும் ஏக்கர் ஒன்றுக்கு 20 சிலிங் விலையில் அரசாங்கத்திடமிருந்து நிலம் வாங்கினார். அவர் குடியேறப் புறப்பட்ட 1848ஆம் ஆண்டு, புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலே மக்கள் கிளர்ந்தெழுந்து, டொரிங்டன் தேசாதிபதியின் படையால் அடக்கப்பட்ட ஆண்டுமாகும். ஒரு சாராருக்குக் கைவிட்டுப்போன மலை, இன்னொரு சாராருக்குப் புதிய உலகமாகத் தோன்றியது.

1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ‘ஏள் ஒப் ஹாட்விக்’ என்னும் கப்பல் இலண்டனை விட்டுப் புறப்பட்டது. பேக்கரின் சகோதரர் யோன் தம் குடும்பத்தோடு வந்தார். பண்ணைக் கண்காணிப்பாளர் ஒருவரும் அவர் மனைவியும் மகளும், கொல்லர் ஒருவர் உட்பட வேறு குடியேறிகள் 9 பேரும் வந்தனர். உயர்சாதி மாடுகள், மூவகைச் செம்மறிக் கடாக்கள், குதிரை, வேட்டை நாய்கள், புதுவகைக் கலப்பைகள், மரம் அறுக்கும் பொறி, பலவகை விதைகள் ஆகியனவும் அதே கப்பலிலே ஏற்றப்பட்டன. கொழும்பிலிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட வழியை இவையனைத்தும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் கடந்து மலையேற வேண்டியிருந்தது.

அப்பயணத்திலே நிகழ்ந்த ஒரு செய்தி இங்கு நினைக்கத்தக்கது. குதிரைவண்டி ஓட்டவென இங்கிலாந்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்டிக்காரன், மலைப்பாதையிலே வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டான். அச்செய்தியை அவன் பிழைமலிந்த ஒரு கடிதத்தில் எழுதித் தன் எசமானுக்கு அறிவித்தான். வண்டியை மீட்க அரசாங்கத்திடம் இரவலாகப் பெற்ற யானையையும் அவன் மதுமயக்கத்திலே மலைச்சரிவில் ஓட ஓட விரட்டினான். அவ்யானை களைத்து விழுந்து இறந்தது. பேக்கர் இதனை நகைச்சுவையோடு எழுதியுள்ளார். எனினும், பின்னாளில் பியர் ஆலைக்கு வித்திட்ட ஒரு குடியேற்றத்தின் முதற் பேரிழப்பு ஒரு மனிதனின் குடியினாலேயே வந்தது என்பதை நேயர்கள் மறத்தலாகாது.

தொடர்ந்து வந்த இழப்புகளுக்கு மது காரணமன்று. காடு வெட்டி நிலம் திருத்திப் பயிரிட்ட உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்று அழித்தன. ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப் பன்றிகளும் மேய்ந்தன. மாடுகளிடையே கொள்ளைநோய் பரவி 26 எருதுகள் சில நாட்களிலே மடிந்தன. ஆங்கில நாட்டுக் கடாக்களும் நிலைக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் மண்ணே. வானளாவிய மரங்கள் செறிந்த காடாதலால் அடியிலுள்ள மண்ணும் வளமானதாகவே இருக்கும் என்று பேக்கர் கருதியிருந்தார். மரங்களை நீக்கியபின்னரே அது மெலிந்த மண் என்பது புலப்பட்டது. காடு தன் உதிர்ந்த இலையைத் தானே உண்டு வாழ்ந்துகொண்டிருந்தது. அம்மண்ணிலே பயிர் விளைய வேண்டுமானால் எரு வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும் என்ற பாடத்தை அவர் பெரும் பொருட்செலவிலே கற்றார். யானையைப் பூட்டி உழுதும், வேலியிட்டும், எருவிட்டும் சில ஆண்டுகளிற் பண்ணையை ஒருவாறு நிமிர்த்தினார். அப்பண்ணை இருந்த இடமே பின்னர் மகாகஸ்தோட்டைத் தோட்டம் என்று பெயர்பெற்றது.

இத்தகைய நெருக்கடியின் நடுவே குடிசைத் தொழிலாகப் பியர் ஆலை தோன்றியது. பண்ணை விளைவை மட்டும் நம்பினால் வாழமுடியாது என்பது தெளிவாகியிருந்தது. அப்பொழுது மலைநாட்டிலே பியர் வாங்கக்கூடியவர் யார்? தேயிலைத் துரைமாருக்காகவே இவ்வாலை எழுந்தது என்று சிலர் எழுதுவர். அது காலக் கணக்கோடு பொருந்தாது. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867ஆம் ஆண்டில். 1849ஆம் ஆண்டில் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பியே. ஆதலால் அன்றைய நுகர்வோர் கோப்பித் தோட்டத் துரைமாரும், அரசாங்க அலுவலரும், உடல்தேற வந்த படைவீரருமாவர். அவர்கள் அதுவரை குடித்தது இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்காகக் கப்பலில் வந்த பியர். நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும்பொருட்டு ஹொப் மிகுதியாக இட்டுக் காய்ச்சிய அப்பியர் கொழும்பிலேயே விலை உயர்ந்தது. மாட்டுவண்டியில் மலையேறும்போது இன்னும் உயர்ந்தது.

சிறிய ஆலையின் இலாப இரகசியம் இங்கேதான் உள்ளது. பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. 100 கிலோகிராம் மோல்ற்றைக் கொண்டு ஏறத்தாழ 500 லீற்றர் பியர் காய்ச்சலாம். எனவே பியரை மலைக்கு ஏற்றுவதென்றால் 500 கிலோகிராம் நிறையையும் அதற்குரிய மரப்பீப்பாய்களின் நிறையையும் ஏற்ற வேண்டும். மோல்ற்றை ஏற்றுவதென்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றினாற் போதும். எஞ்சிய நிறையை மலை அருவி இலவசமாகத் தந்துவிடும். றம்பொடைக் கணவாயிலே மூச்சுவாங்கிய எருதுகளே இக்கணக்கை எழுதின எனலாம்.

மலை தந்த இரண்டாவது கொடை குளிர். குளிரூட்டும் பொறி தோன்றாத காலத்தில் வெப்ப நாட்டுச் சமவெளியிலே பியரைப் புளிக்கவைத்தால் அது கெட்டுப் புளித்த காடியாகிவிடும். ஆங்கில வகைப் பியரைப் புளிக்கவைக்கும் மதுவத்துக்கு 15 முதல் 20 பாகை சென்ரிகிரேட் வரையான வெப்பநிலை உகந்தது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. ஐரோப்பியர் இந்தியாவிலே தம் ஆலைகளை இமயமலைச் சாரலிலும் நீலகிரியிலும் அமைத்ததற்கும் இதுவே காரணம். அவற்றுள் பெயர்பெற்ற மறி ஆலை 1860ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலே எழுந்தது. இலங்கைக்கு நுவரெலியாவே இமயமாயிற்று.

உயரம் சில தொல்லைகளையும் தந்தது. அவ்வுயரத்திலே நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. ஆகவே ஹொப்பின் கசப்பு சாற்றில் இறங்க அதிக நேரம் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு மிகுதியாக வேண்டும். காடு வெட்டித் தோட்டமாக்கிய அக்காலத்திலே விறகுக்குப் பஞ்சமிருக்கவில்லை. அதன் விலையைப் பின்வந்த தலைமுறைகளே மண்ணரிப்பாகவும் வற்றிய ஊற்றாகவும் செலுத்தின.

குளிர், நீர், அருகிலுள்ள சந்தை ஆகிய மூன்றும் ஆலைக்கு வாய்த்தன. வாய்க்காதது நான்காவதொன்று. அதுவே நிலத்தோடு உள்ள தொடர்பு. வாற்கோதுமை இலங்கை மலைநாட்டிலே வணிகப் பயிராக நிலைபெறவில்லை. கதிர் முற்றும் வேளையில் மழையும் மூடுபனியும் ஓயாத இடம் அதற்கு ஏற்றதன்று. ஹொப் கொடியோ கோடைகாலத்து நீண்ட பகலை வேண்டுவது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகவே இருக்கும் இலங்கையில் அது உயர்ந்து வளருமுன்னரே பூத்துக் குன்றிவிடும். ஆகவே மோல்ற்றும் ஹொப்பும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தன. ஆங்கில நாட்டில் தானியத்திலே தொடங்கி எருவிலே முடிந்து மீண்டும் தானியத்துக்கே திரும்பிய வட்டம், நுவரெலியாவிலே பாதி வட்டமாக நின்றது. சக்கையை மாட்டுக்கு இடலாம், எருவைக் கிழங்குக்கு இடலாம். ஆனால் அந்நிலத்து உழவன் எவனும் தன் விளைவில் ஒரு பிடியையேனும் ஆலைக்கு விற்க வழியிருக்கவில்லை.

சாமுவேல் பேக்கர் 1855ஆம் ஆண்டில் இலங்கையை விட்டு நீங்கினார். சகோதரர் யோன் தங்கியிருந்து நிலத்தைப் பார்த்துவந்தார். ஆங்கிலக் கிராமம் என்ற கனவு கனவாகவே முடிந்தது. குடியேற்றம் ஊராகப் பெருகவில்லை. பண்ணை நிலம் காலப்போக்கில் தேயிலைத் தோட்டமாயிற்று. பியர் காய்ச்சும் தொழிலோ அம்மலையை விட்டு அகலவில்லை.

அதன் அடுத்த படி 1881ஆம் ஆண்டில் வந்தது. குடிசைத் தொழிலாயிருந்தது அவ்வாண்டிலே வணிக முறையிலான ஆலையாக எழுந்தது. காதலர் பாய்ச்சல் எனப் பெயர்பெற்ற அருவியின் தெளிந்த நீர் அதற்கு உதவியது. சில ஆண்டுகளில் இந்தியாவின் மறி ஆலையார் அதனைத் தம் உடைமையாக்கினர். அக்காலம் மலைநாட்டுக்குப் பெரும் மாற்றக் காலமாகும். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துவந்தது. தோட்டங்கள் பல கைமாறின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்து திரும்பினர். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1869ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் ஐரோப்பாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறைத்தது. 1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது.

போக்குவரத்து எளிதானதும் வெளிநாட்டுப் பியர் மலிவாக வந்து இச்சிறிய ஆலையை அழித்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. அதே கால்வாயும் அதே புகையிரதமும் மோல்ற்றையும் ஹொப்பையும் முன்னிலும் மலிவாகக் கொண்டுவந்தன. காய்ச்சிய பியரை மலையிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் இறக்கவும் அவை உதவின. எருதுகள் எழுதிய பழைய கணக்கு மாறியது. ஒரு மலையூரின் தேவைக்கெனப் பிறந்த தொழில் தீவு முழுவதற்கும் உரிய தொழிலாயிற்று.

இத்தொழில் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். இந்நாட்டுப் பொதுமக்கள் அறிந்த மது கள்ளும் சாராயமுமே. சாராயக் குத்தகை மூலம் அரசாங்கம் பெருவருவாய் ஈட்டியது. 1912ஆம் ஆண்டளவில் கள்ளுக்கடைகள் பெருகியபோது அதனை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் தீவெங்கும் வலுத்தது. அக்கடைகளே ஏழையின் கூலியை நேரே விழுங்கின. பியரோ துரைமாரின் கழகங்களிலும் தங்குவிடுதிகளிலும் பரிமாறப்படும் பானமாகவே நெடுங்காலம் இருந்தது. மோல்ற் மூட்டையை வண்டியில் ஏற்றியவனுக்கும் விறகு பிளந்தவனுக்கும் கிடைத்தது கூலி. நிலத்தையும் அருவியையும் உடையவராயிருந்தவருக்குக் கிடைத்தது இலாபம். அந்நிலத்துப் பயிராளனுக்கு அத்தொழிலில் இடமேயிருக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டிலே ஆலை இலங்கைக் கம்பனியொன்றின் உடைமையாகி, அதே மலையிலே பல பத்தாண்டுகள் நடந்தது. ஆயினும் அதன் வேரைத் தளர்த்திய மாற்றம் வெகுநாட்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1870களிலே ஜேர்மனியரான கார்ல் வொன் லிண்டே குளிரூட்டும் பொறியைச் செம்மைப்படுத்தினார். அவருடைய பொறிகளை முதலில் விரும்பி வாங்கியவர்களுட் பியர் ஆலைக்காரர் முக்கியமானவர். மலையின் குளிரைப் பொறி தரவல்லதாயின், சமவெளியிலேயே ஆலையை நிறுவலாம். துறைமுகமும் சந்தையும் அங்கேதான் உள்ளன. இலங்கையிலே அம்மாற்றம் முழுமை பெற்றது 1990களின் பிற்பகுதியில். கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவிலே புதிய பேராலை எழுந்தது. நுவரெலியாவின் பழைய ஆலை ஓய்ந்தது. மலையின் மண்ணிலே வேர் விடாத தொழிலை மலை பிடித்துவைக்க முடியவில்லை.

மலையிலே நிலைத்தது வேறொன்று. பேக்கரும் அவரையொத்த குடியேறிகளும் கொண்டுவந்து பயிரிட்ட ஐரோப்பியக் காய்கறிகள் அம்மண்ணுக்கு மெல்ல மெல்லப் பழகின. புழுவரித்து அழிந்த உருளைக்கிழங்கும், கோவாவும், கரட்டும், லீக்சும் பின்னர் எருவும் உழைப்பும் பெற்றுச் செழித்தன. இன்று அவற்றைப் பயிரிடுவோர் சிங்கள உழவரும், தோட்டத் தொழிலாளராக வந்தவர்களின் வழிவந்த தமிழ் உழவருமே. அதிகாலையில் நுவரெலியாவிலிருந்து புறப்படும் காய்கறி லொறிகள் யாழ்ப்பாணம் வரையிலே செல்கின்றன. பேக்கர் கண்ட கனவிலே இம்மக்களுக்கு இடமிருந்ததில்லை. அவர் தொடங்கியதிலே எஞ்சி நிற்பதோ அவர்கள் கைப்பட்டதுதான்.

இக்காலத்திலே பண்ணையோடு சிறிய பியர் ஆலை அமைக்கும் வழக்கம் மேனாடுகளில் மீண்டும் தழைத்துள்ளது. பிரித்தானியாவிலே 2002ஆம் ஆண்டில் சிறிய ஆலைகளுக்கு வரி குறைக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 5,000 ஹெக்ரோலீற்றருக்கு மேற்படாத ஆலைகள் பாதி வரி செலுத்தினாற் போதுமென விதிக்கப்பட்டது. பயன்படாத தானியக் களஞ்சியங்கள் பல ஆலைகளாயின. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 2012ஆம் ஆண்டில் இயற்றிய பண்ணை ஆலைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. சலுகை பெற விரும்பும் ஆலை தன் ஹொப்பிலும் ஏனைய மூலப்பொருள்களிலும் குறித்த பங்கை அம்மாநிலத்து உழவரிடமே பெறுதல் வேண்டும் என்றது. தொடக்கத்தில் 20 வீதமாயிருந்த அப்பங்கு பின்னர் உயர்த்தப்பட்டது. நுவரெலியாவின் ஆலைக்கு இல்லாதிருந்த நான்காவது தூணைச் சட்டத்தின் வாயிலாகவே நாட்ட முயன்றனர் எனலாம்.

பியராயினும், பழச்சாறாயினும், பனங்கட்டியாயினும், பாற்கட்டியாயினும் உழவனின் துணைத்தொழிலுக்கு இவ்வரலாறு ஒரே அளவுகோலைத் தருகின்றது. குளிரையும் நீரையும் நல்ல விலையையும் நம்பித் தொழில் தொடங்கலாம், இலாபமும் பெறலாம். ஆனால் குளிரைப் பொறி தரும்போதும், சந்தை வேறிடம் செல்லும்போதும் அத்தொழிலும் எழுந்து சென்றுவிடும். அயலிலுள்ள உழவனின் விளைவை வாங்கி, அவன் மாட்டுக்குத் தீவனமும் அவன் வயலுக்கு எருவும் திருப்பிக் கொடுக்கும் தொழிலே அவ்வூரின் தொழிலாக நிற்கும். நுவரெலியாவின் பழைய ஆலை முதலாவது வகையைச் சேர்ந்தது. அதன் பக்கத்திலே வளர்ந்த கிழங்குத் தோட்டம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.